கரும்பிலிருந்து நெல் வரை: நாவாய்ப்பூச்சிகளை இனம்பிரித்த வரலாறு

நாவாய்ப்பூச்சி என்று தமிழில் வழங்கும் பூச்சியினத்துக்குப் பொது அடையாளம் அதன் வாய். மெல்லுவதற்குத் தாடையோ நக்குவதற்கு நாக்கோ இல்லாமல், தலையின் முன்புறத்திலிருந்து தொடங்கி மார்பின் அடியில் மடங்கிக் கிடக்கும் நீண்ட அலகு ஒன்றே அதன் உணவுக் கருவியாகும். கதிரின் பாலை உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சிக்கும், கட்டிலின் இடுக்கில் ஒளிந்திருந்து மனித இரத்தத்தைக் குடிக்கும் மூட்டைப்பூச்சிக்கும், புழுவைக் குத்திப் பிடித்து அதன் உடற்சாற்றை இழுக்கும் கொலைகார நாவாய்ப்பூச்சிக்கும் அமைப்பளவில் வாய் ஒன்றே. 1758இல் லின்னேயஸ் பூச்சிகளை இறக்கையைக் கொண்டு வகுத்தபோது, மூட்டைப்பூச்சியையும் இலைச்சாறு உறிஞ்சும் எத்தனையோ பூச்சிகளையும் சைமெக்ஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் அடக்கினார். 1775இல் அவருடைய மாணவர் ஃபாப்ரீசியஸ் இறக்கையை விட்டுவிட்டு வாயுறுப்புகளையே வகைப்பாட்டின் அடிப்படையாக்கினார். இரண்டில் எதுவும் அந்தப் பூச்சி எதைத் தின்று வாழ்கிறது என்ற கேள்விக்கு விடை தரவில்லை. அன்றைய இயற்கையியலுக்கு அந்த விடை தேவைப்படவும் இல்லை. பயிர் காக்கும் தொழில் தனியொரு துறையாக வளர்ந்து, வயலில் கண்ட பூச்சியை அழிப்பதா விட்டுவைப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய நிலை வந்த பிறகுதான், தாவரம் உண்பதையும் பிற பூச்சியை உண்பதையும் பிரித்தறிவது பணமதிப்புள்ள அறிவாயிற்று.

இந்தப் பிரிவினை ஏன் கடினமானது என்பதை அலகின் வேலைமுறையே விளக்கிவிடும். வெளியே தெரியும் அலகு உண்மையில் ஓர் உறை மட்டுமே. அதனுள் மயிரிழை போன்ற நான்கு ஊசிகள் ஒன்றோடொன்று பொருந்திக் கிடக்கின்றன. உள்ளிருக்கும் இரண்டு ஊசிகள் சேரும் இடத்தில் இரு நுண்குழல்கள் உருவாகின்றன: ஒன்றின் வழியே உமிழ்நீர் கீழே இறங்குகிறது, மற்றொன்றின் வழியே உணவு மேலே ஏறுகிறது. திட உணவை விழுங்க வழியில்லாத காரணத்தால், பூச்சி தன் உமிழ்நீரை இரையின் உடலுக்குள்ளோ விதையின் பருப்புக்குள்ளோ செலுத்தி, அங்கேயே அதைக் கரைத்து, கரைந்த கூழை உறிஞ்சிக்கொள்கிறது. கரைக்கும் பொருள் மாவுச்சத்தையும் தாவரச் செல்களின் சுவரையும் சிதைக்கும் நொதியாக இருந்தால் அது பயிரின் பகைவன். புரதத்தைச் சிதைக்கும் நொதியாக இருந்தால் பெரும்பாலும் பூச்சியின் பகைவன். கருவியை மாற்றாமல் உமிழ்நீரின் கலவையை மட்டும் மாற்றிக்கொண்டாலே ஒரு பூச்சிக்குத் தாவர உணவிலிருந்து ஊனுணவுக்கோ, அங்கிருந்து திரும்பித் தாவர உணவுக்கோ கடப்பது இயல்கிறது. அவ்வாறு கடந்தவை பல குடும்பங்களில் பலமுறை தோன்றியுள்ளன.

அருங்காட்சியக வல்லுநர்கள் இதற்கு ஓர் எளிய வழியைக் கண்டனர்: குடும்பத்தைத் தெரிந்துகொண்டால் உணவைத் தெரிந்துகொள்ளலாம் என்பதே அது. கொலைகார நாவாய்ப்பூச்சிகளின் குடும்பத்தில் இந்த விதி நன்றாகவே செல்லுபடியாகிறது, ஏனெனில் அவற்றின் அலகு குட்டையாகவும் தடித்தும், உடலோடு ஒட்டாமல் வில்போல் வளைந்தும் இருக்கிறது. அதன் நுனி பொருந்துவதற்கு முன்னங்கால்களுக்கு நடுவே வரிகள் கொண்ட பள்ளம் ஒன்றும் இருக்கிறது. கேடய வடிவ உடலுடைய நாற்ற நாவாய்ப்பூச்சிகளிடம் விதி பாதியிலேயே நின்றுவிடுகிறது. பச்சை நாற்றப்பூச்சியையும் அதே குடும்பத்தைச் சேர்ந்த புழுக்கொல்லி நாவாய்ப்பூச்சியான யோகாந்தெகோனாவையும் மல்லாத்திப் போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முன்னதன் அலகு மெலிந்து, தலையின் அடியில் இணையாக ஓடும் இரு வரப்புகளுக்கு இடையே அடங்கிக் கிடக்கும். பின்னதன் அலகில் முதற்கணு பருத்து, வரப்புகளின் பிடியிலிருந்து விடுபட்டு நிற்பதால் அலகு முழுவதையும் முன்னோக்கி நீட்ட முடிகிறது. ஓடும் புழுவைத் தொலைவிலிருந்தே குத்திப் பிடிக்க இந்த நீட்டல் தேவை. அசையாத காயைக் குத்துவதற்குத் தேவையில்லை. இருப்பினும் அதே புழுக்கொல்லியின் குஞ்சு முட்டையை விட்டு வெளிவந்த முதற்பருவத்தில் வேட்டையாடுவதில்லை. நீரையும் செடிச்சாற்றையும் மட்டுமே உறிஞ்சுகிறது. அந்தச் சில நாட்களில் அதைச் செடிமேல் காண்பவர் பயிர்ப்பூச்சி என்று எண்ணிவிட்டால் குறை சொல்வதற்கில்லை.

இந்தியத் துணைக்கண்டத்தின் நாவாய்ப்பூச்சிகளை விரிவாகத் தொகுத்து எழுதியவர் வில்லியம் லூக்கஸ் டிஸ்டண்ட். பிரித்தானிய இந்தியாவின் விலங்கினம் என்ற வரிசையில் 1902 முதல் 1918 வரை வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகள் இன்றளவும் புறக்கணிக்க முடியாதவை. ஆனால் அவர் லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு, ஊசியில் குத்தி அனுப்பப்பட்ட உலர்ந்த மாதிரிகளைப் பார்த்து எழுதியவர் என்பதால், பூச்சி எங்கே பிடிபட்டது என்பதற்கு இருக்கும் விரிவு அது எப்படி வாழ்கிறது என்பதற்கு இல்லை. வாழ்க்கைமுறையைப் பதிவு செய்யும் வேலையைக் கோயம்புத்தூரில் பணியாற்றிய அரசுப் பூச்சியியலாளர்கள் தொடங்கினர். பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகள் குறித்து எழுதிய நூலும், டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1940இல் தென்னிந்தியாவின் பொருளாதாரப் பூச்சியியலுக்கு எழுதிய கையேடும் அந்த உழைப்பின் விளைவுகள். பருத்திக் காட்டில் காய்வெடிப்புக் காலத்தில் கூட்டங்கூட்டமாய் மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சியோடு, அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதே சிவப்பு நிறம் கொண்ட ஆன்டிலோக்கஸ் என்ற மற்றொன்று திரிவதையும், அது பருத்தி விதையைத் தொடாமல் தன் நிறத்து உறவினனையே குத்திக் கொல்வதையும் வயலில் நின்று பார்த்தவரே அறிய முடியும். மாதிரிப் பெட்டியில் இரண்டும் அருகருகே குத்தி வைக்கப்படும் சிவப்புப் பூச்சிகள் மட்டுமே.

குடும்பத்தைக் கொண்டு உணவைக் கணிக்கும் வழக்கம் மிகப் பெரிய இழப்பை உண்டாக்கியதும், அதனாலேயே மிகத் தெளிவாகத் திருத்தப்பட்டதும் மிரிட் குடும்பத்தில்தான். நாவாய்ப்பூச்சிகளிலேயே பெரிய குடும்பமான இதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமுள்ள மென்மையான பூச்சிகள். தேயிலைத் தோட்டங்களில் தளிரைக் கருகச் செய்யும் தேயிலைக் கொசு, பெயரில் கொசுவாக இருந்தாலும், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நாவாய்ப்பூச்சியே. அமெரிக்காவில் பருத்தியின் மொட்டையும் குதிரை மசாலின் விதையையும் கெடுக்கும் லைகஸும் இதைச் சேர்ந்ததுதான். இத்தகைய உறவினர்களைக் கொண்ட குடும்பத்தில் ஒரு புதிய சிற்றினம் கரும்பில் பிடிபட்டால் அது கரும்பின் பகைவன் என்று கொள்வதே அக்காலத்து இயல்பான முடிவு. 1896இல் ஜெர்மானியரான குஸ்டாவ் பிரெட்டின், ஜாவாவின் கரும்பைக் கெடுக்கும் நாவாய்ப்பூச்சியினங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் விவரித்த சிறு மிரிட் ஒன்று, பிற்காலத்தில் சிர்டோரைனஸ் முன்டுலஸ் என்று பெயர்பெற்றது. கரும்பின் பகைவர் பட்டியலோடு அறிவியலுக்குள் நுழைந்த அந்தப் பூச்சி கரும்பைக் காக்கும் பூச்சி என்பது தெரியவர இருபதாண்டுகளுக்கும் மேலாயிற்று.

அது தெரியவந்த களம் ஹவாய்த் தீவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கரும்பே வாழ்வும் வளமுமாக இருந்தது. 1895இல் அமைக்கப்பட்ட ஹவாய்ச் சர்க்கரைத் தோட்ட உரிமையாளர் சங்கம் தனக்கென ஓர் ஆய்வு நிலையத்தையும் நடத்தியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்து விதைக்கரணையோடு வந்து சேர்ந்த தத்துப்பூச்சி ஒன்று 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே கண்டறியப்பட்டது. 1903இல் ஜார்ஜ் கிர்கால்டி அதற்குப் பெர்கின்சியெல்லா என்று பேரினப் பெயர் சூட்டினார். தத்துப்பூச்சியும் அலகால் உறிஞ்சுவதே என்றாலும் அது முழுக்க முழுக்கத் தாவரச்சாற்றில் வாழும் வேறொரு கிளையைச் சேர்ந்தது. பெண்பூச்சி இலையின் நடுநரம்பைக் கீறி உள்ளே முட்டைகளைச் செருகிவிடும். குஞ்சும் முதிர்ந்ததும் கூட்டமாய்ச் சாற்றை இழுக்கும். அவை கழிக்கும் இனிப்புநீரில் கரும்பூசணம் படர்ந்து இலை கறுத்துவிடும். 1904இல் தொடங்கிய பெருக்கத்தில், ஹவாய்ப் பெருந்தீவின் பஹாலாவில் இருந்த தோட்டத்தின் சர்க்கரை விளைச்சல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று.

சங்கம் அந்த ஆண்டே பூச்சியியல் பிரிவைத் தொடங்கி, ஆல்பர்ட் கேபெலேயையும் ஆர். சி. எல். பெர்கின்ஸையும் குவீன்ஸ்லாந்துக்கு அனுப்பியது. 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பொறிவண்டைக் கொண்டுவந்து கலிஃபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதில்பூச்சியிடமிருந்து மீட்டவர் கேபெலே. அந்தப் புகழ் உலகெங்கும் பயிர்க்காவலர்களின் கண்ணோட்டத்தையே தீர்மானித்திருந்த காலம் அது. பகைப்பூச்சிக்கு எதிரி வேண்டுமென்றால் பொறிவண்டைத் தேடு, இல்லையேல் முட்டைக்குள் முட்டையிடும் நுண்குளவியைத் தேடு என்பதே அன்றைய பாடம். இருவரும் அப்படியே நுண்குளவிகளைக் கொண்டுவந்தனர். அவை நிலைபெற்று, தத்துப்பூச்சியின் வேகத்தைப் பெருமளவு குறைத்தன. 1916இல் ஃபிரெடெரிக் மியூர் தைவானிலிருந்து வேறொரு குளவியைக் கொண்டுவந்து சேர்த்தார். ஆயினும் சில தோட்டங்களில் பூச்சி அவ்வப்போது மீண்டும் பெருகிக்கொண்டே இருந்தது.

1872இல் இங்கிலாந்தில் பிறந்து, ஆப்பிரிக்காவில் சில காலம் பணியாற்றி, 1905இல் சங்கத்தில் சேர்ந்த மியூர் ஊர்சுற்றிப் பூச்சியியலாளர்களுள் தலையாயவர். கரும்புத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டுக்கு ஒட்டுண்ணி தேடி மலாயா, ஜாவா, மொலுக்காத் தீவுகள், நியூகினி என்று ஆண்டுக்கணக்கில் அலைந்து, இடையே டைபாய்டு காய்ச்சலில் விழுந்தும் எழுந்து அந்த வேலையை 1910இல் முடித்தவர். 1919இல் அவர் மீண்டும் குவீன்ஸ்லாந்து சென்றபோது கேட்ட கேள்வி எளியது: இங்கே தத்துப்பூச்சி ஏன் பெருகவில்லை? நடுநரம்பைக் கிழித்துப் பார்த்தபோது, குளவி குடைந்ததற்கான அடையாளம் இல்லாமலே முட்டைகள் சுருங்கிக் காலியாகக் கிடந்தன. அவற்றை உறிஞ்சியது பிரெட்டின் விவரித்த அந்த மிரிட்டே என்பதை அவர் கண்டறிந்தார். இலைத்திசுவுக்குள் புதைந்த முட்டையை வெளியிலிருந்தே அலகால் எட்டித் துளைத்து உள்ளிருப்பதை இழுத்துவிடுவதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது இலையின் சாற்றைக் குடிப்பதாகவே தோன்றும். அதன் வாழ்வும் இலையோடு பிணைந்தது. தன் முட்டைகளையும் அந்த நடுநரம்பிலேயே இடுகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பூச்சி சேகரிப்பவர் மாதிரியின் கீழ் குத்தும் சிறு சீட்டில் ஊர், நாள், பிடித்தவர் பெயர் ஆகியவற்றோடு எந்தச் செடியில் கிடைத்தது என்பதையும் எழுதுவர். கரும்பில் என்று எழுதப்பட்ட சீட்டு, பூச்சி எங்கே நின்றுகொண்டிருந்தது என்பதற்கே சாட்சி. எதை உண்டது என்பதற்கு அல்ல. ஆனால் மிரிட் குடும்பத்தின் கெட்ட பெயரும் அந்தச் சீட்டும் சேர்ந்தபோது படிப்பவர் மனத்தில் இரண்டாவது பொருளே உறைந்துவிட்டது. 1904இல் சென்ற கேபெலே, பெர்கின்ஸ் ஆகியோரின் கண்ணிலும் அந்தப் பூச்சி பட்டிருக்கக்கூடும். அவர்கள் உலவியது அதே குவீன்ஸ்லாந்துக் கரும்புக்காடுகளில்தான். அதைக் கவனியாமல் விட்டதைத் திறமைக்குறைவு என்று சொல்வது பொருந்தாது. குளவியைத் தேடிச் சென்றவர்கள் குளவியைக் கண்டார்கள்.

கண்டதைக் கொண்டுவருவதிலும் தயக்கம் இருந்தது. பொறிவண்டைத் தீவுக்குள் விடுவது ஒன்று. தாவரம் உண்ணும் குடும்பத்தில் பிறந்த பூச்சியை, கரும்பையே நம்பியிருக்கும் தீவுக்குள் விடுவது முற்றிலும் வேறு. முட்டை கிடைக்காத நாளில் அது கரும்பையே உறிஞ்சத் தொடங்கினால் திருப்பி அழைக்க வழியில்லை. ஆகவே அது உண்மையில் முட்டையை நம்பியே வாழ்கிறதா, கரும்புக்குத் தீங்கு செய்கிறதா என்பதை நேரில் சோதித்து உறுதி செய்துகொண்ட பிறகே, 1920இல் குவீன்ஸ்லாந்திலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் அது ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. 1923ஐ ஒட்டித் தத்துப்பூச்சியின் தொல்லை தணிந்தது. அதன்பின் அது ஹவாய்க் கரும்புக்குப் பெருங்கேடாக எழவில்லை. உயிரியல் கட்டுப்பாட்டின் வரலாற்றில் இதற்கு இணையான வெற்றிகள் சிலவே. பொறிவண்டின் கதை பாடநூல்தோறும் வரும் அளவுக்கு இது சொல்லப்படுவதில்லை என்பது ஒரு குறையே. வண்டுக்கு இருக்கும் அழகு மூன்று மில்லிமீட்டர் மிரிட்டுக்கு இல்லாதது காரணமாக இருக்கலாம்.

இந்த வெற்றிக்குப் பின் அதன் உறவினர்கள்மேலும் ஆய்வாளர்களின் பார்வை விழுந்தது. 1938இல் பிலிப்பைன்ஸிலிருந்து சிர்டோரைனஸ் ஃபுல்வஸ் என்ற சிற்றினம், சேப்பங்கிழங்கின் தத்துப்பூச்சிக்கு எதிராக ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்டது. 1939இல் ராபர்ட் உசிங்கர் இந்தப் பேரினத்தின் பரவலையும் உணவுத் தொடர்புகளையும் தொகுத்து எழுதினார். அந்தப் பேரினத்தின் மூன்றாவது சிற்றினமான லிவிடிபென்னிஸ், ஆசிய நெல்வயல்களில் யாரும் கொண்டுவந்து விடாமலே, தொன்றுதொட்டு வாழ்ந்துவந்தது. பின்லாந்துப் பேராசிரியர் ராய்ட்டர் 1880களிலேயே அதற்குப் பெயரிட்டிருந்தார். தமிழ்நாட்டு நெல்வயலிலும் இது உண்டு. பச்சை இறக்கையும் கறுத்த தலையும் கொண்டு, நெற்தூரின் அடிப்பகுதியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓடித்திரியும் இந்தப் பூச்சியைப் பச்சைத் தத்துப்பூச்சியின் குஞ்சு என்று தவறாகக் கொள்வோர் பலர். நெற்சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையான், தாளின் உறைக்குள் செருகிவைக்கும் முட்டையே இதன் முதன்மை உணவு. ஒரு நாளில் ஏழு முதல் பத்து முட்டைகளையோ ஒன்று முதல் ஐந்து தத்துப்பூச்சிகளையோ உண்ணும் என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் உழவர்களுக்காக 1987இல் வெளியிட்ட கையேட்டின் கணக்கு.

பசுமைப் புரட்சிக்கு முன்பு புகையான் நெல்லின் சிறிய பூச்சிகளுள் ஒன்று. குட்டை இரகங்களும், தழைச்சத்தைக் கொட்டும் உரமிடலும், இரண்டு மூன்று போகமும் சேர்ந்து வந்த 1970களில் அது ஆசியாவையே உலுக்கியது. 1973, 1974இல் கேரளத்தின் குட்டநாட்டில் வட்டவட்டமாய்ப் பயிர் காய்ந்து மடிந்தது, இந்தோனேசியா அதைவிடப் பெரிய இழப்பைக் கண்டது. எங்கும் கண்ட மருந்து தெளிப்புதான். தெளித்த வயலில்தான் புகையான் அதிகமாகப் பெருகியது என்பதை, பிலிப்பைன்ஸ் வயல்களில் ஆய்வு செய்த பீட்டர் கென்மோரும் அவர் தோழர்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை வாரியாக நிறுவினர். நஞ்சு தாளின் உள்ளே பத்திரமாக இருக்கும் புகையான் முட்டையை எட்டுவதில்லை. தாளின் மேல் ஓடும் மிரிட்டையும் சிலந்தியையும் முதலில் கொன்றுவிடுகிறது. சில நாட்களில் முட்டை பொரிந்து குஞ்சு வெளிவரும்போது வயலில் அதை உண்ண யாரும் இருப்பதில்லை.

இந்தோனேசிய அரசு பூச்சிமருந்து விலையில் பெரும்பகுதியைத் தானே ஏற்று உழவர்களுக்குக் கொடுத்துவந்தது. அதாவது மிரிட்டைக் கொல்வதற்கான செலவை அரசுக் கருவூலம் ஏற்றது. 1985, 1986இல் ஜாவாவில் புகையான் மீண்டும் தாக்கியபோது, 1986 நவம்பரில் அதிபர் சுஹார்த்தோ வெளியிட்ட ஆணை 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது. மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் உலக உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு ஜாவாவில் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. அங்கே பாடநூலுக்கு இணையாக நின்றது பூச்சிக்காட்சி என்ற பயிற்சி. பெயர் தெரியாத பூச்சி ஒன்றைப் பிடித்து, வலையால் மூடிய தொட்டிச் செடியிலோ கண்ணாடிக் குப்பியிலோ இட்டு, அதனோடு நெற்பயிரையும் புகையான் குஞ்சுகளையும் வைத்து, மறுநாள் எது குறைந்திருக்கிறது என்று உழவர்களே எண்ணிப் பார்த்தனர். குடும்பப் பெயரோ அலகின் கணு எண்ணிக்கையோ தெரியாமலே, அது தின்பது பயிரையா பூச்சியையா என்பது ஓரிரவில் விளங்கிவிடும். பூச்சியியல் பட்டதாரிகள் வகைப்பாட்டு அட்டவணையைப் புரட்டி ஊகிப்பதை உழவர் கண்ணால் கண்டுவிடுவது, மியூர் குவீன்ஸ்லாந்தில் செய்த சோதனையின் எளிய வடிவமே.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மிரிட் குடும்பமே காட்டிக்கொடுத்தது. நெசிடியோகோரிஸ் டெனுயிஸ் என்ற சிற்றினம் தக்காளியில் வெள்ளை ஈயின் குஞ்சுகளையும் முட்டைகளையும் விரும்பி உண்ணும். இரை குறைந்ததும் தக்காளித் தண்டையே சுற்றிலும் குத்தி உறிஞ்சிப் பழுப்பு வளையங்களை உண்டாக்கும், பூவும் உதிரும். குப்பியில் இரையோடு வைத்தால் நண்பன், இரையின்றி வைத்தால் பகைவன். ஸ்பெயினின் அல்மெரியாப் பகுதிப் பசுமைக்குடில்களில் இதை வளர்த்து, விலைக்கு வாங்கி, வேண்டுமென்றே விடுகிறார்கள்; வேறு பல நாடுகளில் தக்காளிப் பூச்சிகளின் பட்டியலில் வைத்து மருந்தடிக்கிறார்கள். தெளிப்பால் பெருகிய புகையானின் கதைக்கு நேர்மாறானதும் தென்னிந்தியாவில் நிகழ்ந்தது. டிஸ்டண்ட் பெயரிட்ட, நெடுங்காலம் பயிருக்குப் பொருட்படுத்தத்தக்கதாக இல்லாத கிரியான்டியாடிஸ் பைசெராடென்ஸ் என்ற மிரிட், காய்ப்புழுவுக்கான தெளிப்பு குறைந்த, மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தியில், 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்நாடகத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலும் மொட்டையும் பிஞ்சையும் உதிர்க்கும் பூச்சியாகப் பெருகியது. முன்பு காய்ப்புழுவுக்காக அடித்த மருந்து அதையும் அடக்கி வைத்திருந்தது என்பது அப்போதுதான் தெரியவந்தது.